கேட்டால் சொல்கிறேன்: அந்த ஊர் ரேடியோவில் ஆள் இருக்கிறாரா?

சென்ற இதழில், டென்னசி மாநிலத்தில் மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கியதைப் பற்றி எழுதும்போது, அங்கே காரில் கேட்ட கன்ட்ரி மியூசிக் ரேடியோவைப் பற்றி இரண்டு வரி சேர்த்திருந்தேன். வந்த கடிதங்களில் பாதி அந்த இரண்டு வரிக்குத்தான். 32 வருடம் டிரான்ஸ்மிட்டர்களோடு குடித்தனம் நடத்தியவனுக்கு இதைவிடப் பிடித்த பேச்சு வேறு கிடையாது. அதனால் இந்த இதழ் முழுக்க அதுவேதான்.

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகி: ஐயா, என் மகன் கென்டக்கியில் இருக்கிறான். போன வருடம் அவனோடு லூயிவில்லில் கிளம்பி டென்னசி, அலபாமா என்று காரில் சுற்றினோம். ஊர் மாறியது, ரேடியோ நம்பர் மாறியது, ஆனால் காலையில் பேசுகிற குரல் மட்டும் மாறவே இல்லை. எல்லா ஊரிலும் அவரே எப்படி இருப்பார்?

உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது அம்மா. பெயரை நீங்கள் எழுதவில்லை. காலை நேரம் என்கிறீர்கள், அதனால் அது பாபி போன்ஸாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆர்கன்சாஸில் வறுமையில் வளர்ந்தவர், அதை மறைக்காமல் பேசுபவர். 2013-இல் டெக்சஸின் ஆஸ்டினிலிருந்து டென்னசியின் நாஷ்வில்லுக்கு வந்தார். ஐஹார்ட்மீடியா என்ற பெரிய நிறுவனம் அவருடைய காலை நிகழ்ச்சியை நூற்றுக்கு மேற்பட்ட நிலையங்களுக்கு அனுப்புகிறது. அவர் பேசுவது நாஷ்வில்லில். நீங்கள் கேட்டது அலபாமாவில். இதில் ஒளிவு மறைவு இல்லை, பெயர் சொல்லித்தான் செய்கிறார்கள்.

இன்னொரு முறை இருக்கிறது. அதுதான் என்னை யோசிக்க வைத்தது. வாய்ஸ் டிராக்கிங் என்பார்கள். ஓர் அறிவிப்பாளர் ஏதோ ஒரு நகரத்தில் உட்கார்ந்துகொள்வார். ஒரு பாட்டின் கடைசி சில வினாடியும் அடுத்த பாட்டின் முதல் சில வினாடியும் அவர் காதில் ஒலிக்கும். நடுவில் பேச வேண்டியதைப் பேசிப் பதிவு செய்துவிட்டு அடுத்த இடைவெளிக்குத் தாவிவிடுவார். நான்கு மணி நேர நிகழ்ச்சிக்கான பேச்சு அரை மணியில் முடிந்துவிடும். அது 500 மைல் தள்ளியிருக்கிற ஒரு ஊரின் கம்ப்யூட்டருக்குப் போய், மறுநாள் சாயங்காலம் நேரலை மாதிரி ஒலிக்கும். அந்த ஊரில் என்ன திருவிழா, எந்தப் பள்ளிக்கூடம் ஜெயித்தது என்று ஒரு தாளில் எழுதி அனுப்பியிருப்பார்கள். அவரும் அதை நேரில் பார்த்தவர் போல அன்பாகச் சொல்லுவார்.

அவருடைய திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை, குரல் அருமையாக இருக்கும். ஆனால் நேயர் போன் அடித்தால் எடுக்க அந்தக் கட்டடத்தில் ஆள் இல்லை. என் மனசில் நிற்பது அதுதான்.

மேலூர் வாசகர்: கன்ட்ரி மியூசிக் என்றால் நம் நாட்டுப்புறப் பாட்டு மாதிரியா? அதற்கும் ரேடியோவுக்கும் அப்படி என்ன பந்தம்?

வேர் கிராமத்துப் பாட்டுதான். மலைப்பக்கத்துக் குடும்பங்களின் பிடில், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்த பான்ஜோ என்ற தந்தி வாத்தியம், தேவாலயப் பாட்டு, கறுப்பின மக்களின் புளூஸ் பாட்டு எல்லாம் கலந்து வளர்ந்தது. ஆனால் அதைத் தொழிலாக்கியதில் இசைத்தட்டுக்கு இருக்கிற பங்கு ரேடியோவுக்கும் இருக்கிறது.

நாஷ்வில்லில் டபிள்யூ.எஸ்.எம். என்ற நிலையம் 1925 அக்டோபர் 5-ஆம் தேதி தொடங்கியது. நடத்தியது ஓர் இன்சூரன்ஸ் கம்பெனி. அந்த மூன்று எழுத்தும் 'லட்சக்கணக்கானோருக்குக் காப்பு' என்ற பொருளில் கம்பெனி வைத்திருந்த விளம்பர வாசகத்தின் முதலெழுத்துகள். அதே நவம்பர் 28-ஆம் தேதி சனிக்கிழமை ராத்திரி, அங்கிள் ஜிம்மி தாம்சன் என்ற 77 வயதுப் பெரியவரை மைக் முன்னால் உட்கார வைத்துப் பிடில் வாசிக்கச் சொன்னார்கள். அந்த நிகழ்ச்சிக்கு 1927-இல் கிராண்ட் ஓலே ஓப்ரி என்று பெயர் வந்தது. இன்றும் நடக்கிறது. அந்தக் காலத்தில் கம்பெனி ஏஜென்டுகள் வீடு வீடாகப் போகும்போது ஓப்ரியின் பெயரைச் சொல்லித்தான் கதவைத் தட்டினார்களாம்.

மகள் வீட்டிலிருந்து நாஷ்வில்லுக்குப் போகும் 65-ஆம் நம்பர் நெடுஞ்சாலையில், பிரென்ட்வுட் பக்கத்தில், அதன் கோபுரம் நிற்கிறது. 1932-இல் எழுப்பியது. 800 அடிக்கு மேல் உயரம். நடுவில் பருத்து, மேலும் கீழும் சிறுத்து, நூல் சுற்றிய கதிரைச் செங்குத்தாக நிறுத்தியது போல இருக்கும். இடுப்பில் மட்டும் இழுவைக் கம்பிகள். அத்தனை பாரமும் அடியில் ஒரே ஒரு பீங்கான் இன்சுலேட்டர் மேல் உட்கார்ந்திருக்கிறது. முதல் தடவை பார்த்தபோது மாப்பிள்ளையிடம் வண்டியை ஓரம் கட்டச் சொல்லிவிட்டேன். நான் வேலை பார்த்த ஒலிபரப்புக் கோபுரத்தின் அடியிலும் அப்படி ஒரு பீங்கான் உண்டு. மழை நாளில் அதைத் துடைத்து வைக்கிற பொறுப்பு பல வருடம் என்னுடையது.

50 கிலோவாட், 650 கிலோஹெர்ட்ஸ், மத்திய அலை. பகலில் சுற்றுவட்டாரம், ராத்திரியில் வானத்தில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி அமெரிக்காவில் பாதி தூரம் போகும். டெக்சஸ் பண்ணையிலும் ஒஹையோ தொழிற்சாலைக் குடியிருப்பிலும் அதைக் கேட்டார்கள். நாடு முழுக்கக் கேட்டாலும் அது நாஷ்வில்லின் குரலாகத்தான் இருந்தது. வேறு ஊராக நடிக்கவில்லை. 2010 மே மாத வெள்ளத்தில் ஓப்ரி மேடையே மூழ்கியது, நிலையத்தின் ஸ்டுடியோவும் போயிற்று. அப்போது ஊழியர்கள் இந்தக் கோபுரத்தடிக்கு வந்து, டிரான்ஸ்மிட்டர் கட்டடத்திலிருந்தே ஒலிபரப்பைத் தொடர்ந்தார்கள்.

திருச்சி சட்டக் கல்லூரி மாணவர்: இத்தனை நிலையங்கள் சில நிறுவனங்களின் கைக்கு எப்படிப் போயின? தடுக்கச் சட்டம் இல்லையா?

இருந்தது தம்பி. 1996 வரை ஒரு நிறுவனம் நாடு முழுவதும் 40 நிலையங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அந்த வருடம் வந்த தொலைத்தொடர்புச் சட்டம் அந்த எல்லையை எடுத்துவிட்டது. பெரிய நகரங்களில் ஒரே முதலாளி எட்டு நிலையங்கள் வரை வைத்துக்கொள்ளவும் வழி விட்டது. சில வருடங்களில் கிளியர் சேனல் என்ற நிறுவனம் 1,200-க்கு மேல் வாங்கிக் குவித்தது. அதுதான் 2014-இல் ஐஹார்ட்மீடியா என்று பெயர் மாற்றிக்கொண்டது.

வாங்கியதில் பெரும்பகுதி கடனில் வாங்கியது. கடனுக்கு வட்டி கட்ட வேண்டும். ரேடியோவில் செலவைக் குறைப்பது என்றால் சம்பளத்தைத்தான் குறைக்க முடியும், கோபுரத்தின் உயரத்தைக் குறைக்க முடியாது. ஆறு ஊருக்கு ஆறு பேர் என்பது ஆறு ஊருக்கு ஒருவர் ஆனது. அப்படியும் கடன் தீரவில்லை. குமுலஸ் என்ற இன்னொரு பெரிய ரேடியோ நிறுவனம் 2017-இல், ஐஹார்ட் 2018-இல் திவால் பாதுகாப்புக்குப் போயின. ஐஹார்ட்டின் கடன் மட்டும் சுமார் 2,000 கோடி டாலர்.

உங்கள் படிப்புக்கு இன்னொன்றும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிலையமும் தன் ஊரிலோ பக்கத்திலோ ஸ்டுடியோ வைத்திருக்க வேண்டும் என்று பழைய விதி ஒன்று இருந்தது. 2017-இல் அதை எடுத்துவிட்டார்கள். உள்ளூர் நம்பரோ கட்டணமில்லா நம்பரோ, ஒரு போன் நம்பர் இருந்தால் போதும் என்று ஆனது.

திருப்பூர் வணிகர்: நாடு முழுக்க ஒரே பெயர் என்றால் விளம்பரத்துக்கு வசதி, செலவும் குறைவு. கடைசியில் தேசிய பிராண்ட்தானே ஜெயிக்கும்?

சட்டையில் ஜெயிக்கலாம். கன்ட்ரி ரேடியோவில் அதை ஒருவர் முழு மூச்சாகச் செய்து பார்த்துவிட்டார். என்ன ஆனது என்று கேளுங்கள்.

குமுலஸ் நிறுவனம் 2013 ஜனவரியில் நியூயார்க்கில் 94.7 எஃப்.எம்.மை 'நாஷ் எஃப்.எம்.' என்று தொடங்கியது. 1996-க்குப் பிறகு அந்த நகரத்துக்கென்று பெரிய கன்ட்ரி நிலையம் இல்லை, அதனால் நல்ல இடம்தான் பார்த்திருந்தார்கள். பல ஊர்களில் அதே பெயரைக் கொண்டுபோனார்கள். நாஷ்வில்லிலிருந்து ஒரே காலை நிகழ்ச்சி, ஒரே ராத்திரி நிகழ்ச்சி. கன்ட்ரி இசைப் பத்திரிகை ஒன்றுக்குக்கூட நாஷ் என்ற பெயரை ஒட்டினார்கள். பாட்டு, பத்திரிகை, கச்சேரி எல்லாவற்றுக்கும் ஒரே முத்திரை என்பது கணக்கு. அந்தப் பத்திரிகை 2016-இல் நின்றுவிட்டது. நியூயார்க் நிலையம் 2019-இல் கைமாறி, 2021-இல் கன்ட்ரியையே விட்டுவிட்டு பழைய ஹிப்-ஹாப் பாட்டுக்குப் போனது. மற்ற ஊர்களிலும் நாஷ் என்ற பெயர் ஒவ்வொன்றாக உதிர்ந்தது.

காரணம் என்று எனக்குப் படுவதைச் சொல்கிறேன். கன்ட்ரி நிலையங்களுக்கு அங்கே ஓநாய், காளை என்று பெயர் வைப்பார்கள். பென்சில்வேனியா பக்கம் தவளை என்று பெயர் வைத்த நிலையங்களே உண்டு, அறிவிப்பாளர்களும் தவளைப் பெயர்தான் வைத்துக்கொள்வார்கள். இந்தப் பெயர்கள் பல ஊரிலும் இருப்பவைதான். ஆனால் டல்லஸ்காரருக்கு ஓநாய் என்றால் 99.5. கல்யாணத்துக்கு முன்னால் லாரியில் கேட்டது, பிள்ளையைப் பள்ளியில் விடும்போது கேட்டது. அந்த நிலையமும் குமுலஸுக்குச் சொந்தமானதுதான். அதில் அவர்கள் நாஷ் பெயரை ஒட்டவில்லை. தன் பிராண்டை எங்கே ஒட்டக் கூடாது என்று முதலாளிக்கே தெரிந்திருந்தது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

டெக்சஸ் பற்றி இன்னும் கொஞ்சம். அங்கே டெக்சஸ் கன்ட்ரி என்றும், பக்கத்து ஓக்லஹோமாவிலிருந்து வந்த செம்மண் இசை என்றும் தனி வகை இருக்கிறது. நடன மண்டபங்களில் வளர்ந்தது. நாஷ்வில் இசைத்தட்டுக் கம்பெனிகள் அந்தப் பாடகர்களைத் திரும்பிப் பார்க்காத காலத்திலேயே டல்லஸின் 95.3 'தி ரேஞ்ச்' போன்ற நிலையங்கள் அவர்கள் பாட்டைப் போட்டன. அவர்களுக்கென்று தனித் தரவரிசைப் பட்டியலே உண்டு. கோடி ஜான்சன் அப்படி வருடக்கணக்கில் டெக்சஸ் நிலையங்களில் ஒலித்து, அரங்கம் நிரப்பி, பிறகுதான் 2018-இல் பெரிய நாஷ்வில் கம்பெனியோடு சேர்ந்தார். இன்று தேசிய நிலையங்கள் அவரைப் போடுகின்றன. விதை போட்டவர் யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஈரோடு வாசகி: எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

சிறு ஊர்களில் இன்னமும் டைரிதான். தேர்ந்தெடுத்த வீடுகளுக்கு ஒரு வாரத்துக்கான குறிப்பேட்டை அனுப்பி, கேட்ட நிலையத்தை எழுதச் சொல்வார்கள். எழுதுகிறவர் ஞாபகத்தில் நிற்க வேண்டும் என்பதால்தான் ஓநாயும் காளையும். பெரிய நகரங்களில் 2007-லிருந்து பேஜர் அளவில் ஒரு கருவி வந்தது. ஒலிபரப்போடு கலந்து வரும், மனிதக் காதுக்குப் புலப்படாத ஒரு குறியை அது கேட்டுப் பதிந்துகொள்ளும். அந்தக் கருவி வந்த பிறகு, அறிவிப்பாளர் பேச ஆரம்பித்தால் எத்தனை பேர் நிலையம் மாற்றுகிறார்கள் என்பது அப்பட்டமாகத் தெரிந்தது. உடனே எல்லோரும் பேச்சைச் சுருக்கினார்கள். இதில் அடிபட்டது உள்ளூர் அறிவிப்பாளர்தான். பாட்டு எல்லா நிலையத்திலும் ஒன்றுதான், அவரிடம் தனியாக இருந்தது அந்தப் பேச்சு மட்டும்தானே.

சென்னை வாசகர்: போனில் எல்லாப் பாட்டும் கிடைக்கிறது. ஊர் ரேடியோ போனால் யாருக்கு என்ன நஷ்டம்?

இந்தக் கேள்விக்கு எனக்குக் கொஞ்சம் சூடாகத்தான் பதில் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வடக்கு டகோட்டாவில் மைனாட் என்று ஒரு ஊர். 2002 ஜனவரி 18, விடியற்காலை ஒன்றரை மணி சுமாருக்கு, ஊரை ஒட்டி ஒரு சரக்கு ரயில் தடம் புரண்டு அம்மோனியா மேகமாகப் பரவியது. ஒருவர் இறந்தார், நூற்றுக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். ஊரின் ஆறு வணிக நிலையங்களும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தன. அவசர அறிவிப்புக்குப் பொறுப்பான நிலையம் கே.சி.ஜே.பி., கன்ட்ரி பாட்டு போடும் நிலையம். போலீஸார் போன் செய்து பார்த்தும் அந்த நேரத்தில் உடனே ஆளைப் பிடிக்க முடியவில்லை. எங்கள் ஆள் உள்ளே இருந்தார், போலீஸார்தான் அவசர எச்சரிக்கைக் கருவியைச் சரியாகப் பயன்படுத்தவில்லை என்று நிறுவனம் சொன்னது. அந்தக் கருவியில் பிரச்சினை இருந்தது உண்மைதான். நான் இரண்டையும் படித்துவிட்டுச் சொல்கிறேன்: கருவி கைவிட்டாலும் கதவைத் தட்டினால் திறக்க ஆறு நிலையத்துக்கு ஆறு பேர் இருந்திருந்தால் அந்த விடியல் வேறு மாதிரி இருந்திருக்கும்.

நானும் ஒரு ராத்திரி பார்த்தேன். மார்ச் மாதம், சூறாவளி எச்சரிக்கைச் சங்கு ஊதியது. ஜன்னல் இல்லாத கீழ்த்தளக் குளியலறையில் எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். பேரன் தலையில் சைக்கிள் ஹெல்மெட், அங்கே பிள்ளைகளுக்கு அப்படித்தான் மாட்டிவிடுகிறார்கள். கரண்ட் போய்விட்டது, மாப்பிள்ளை பேட்டரி ரேடியோவைத் திருப்பினார். ஒரு நிலையத்தில் எச்சரிக்கை ஓசை தானாக வந்தது, அதைக் கம்ப்யூட்டரே செய்துவிடும். ஓசை முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து பாட்டு. பாட்டு முடிந்ததும் ஒரு பெண் குரல், வார இறுதி நன்றாக அமையட்டும் என்று உற்சாகமாக வாழ்த்தியது. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன், அவர் அதைப் பேசியது எப்போதோ.

முள்ளை இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். ஒரு ஆண் குரல், தொண்டை கட்டியிருந்தது. எந்தச் சாலையில் மரம் விழுந்திருக்கிறது, எந்தப் பாலத்துக்குப் போகாதீர்கள், எந்தத் தேவாலயத்தின் நிலவறை திறந்திருக்கிறது என்று ஒன்றொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தாள் புரளும் சத்தம் கேட்டது. நடுவில் ஒரு மடக்கு தண்ணீர் குடித்த சத்தமும் கேட்டது. முக்கால் மணி நேரம் ஒரு பாட்டுகூடப் போடவில்லை. என் மகள் அதுவரை பிடித்திருந்த என் கையை அப்போதுதான் விட்டாள்.

அப்புறம், ஆபத்து இல்லாத நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கென்டக்கியில் ஒரு சிற்றூர் நிலையத்துக்கு மாப்பிள்ளையின் நண்பர் கூட்டிப்போனார். மாட்டுத் தீவனக் கடைக்குப் பக்கத்தில் நான்கு அறை. கணவனும் மனைவியுமாக நடத்துகிறார்கள். காலை ஒன்பது மணிக்கு ஸ்வாப் ஷாப், அதாவது ஊர்க்காரர்கள் போன் செய்து, இது விற்பனைக்கு, இது வேண்டும் என்று சொல்லும் நிகழ்ச்சி. ஸ்டுடியோ மேசையில் கோடு போட்ட ஒரு நோட்டு, நூலில் கட்டிய பென்சில். ஒருவர் டிராக்டர் டயர் தேடினார். ஓர் அம்மா பன்னிரண்டு கோழிகளை விற்றார், சேவல் மட்டும் முரடு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். அந்த அம்மாவைக் குரலை வைத்தே அறிவிப்பாளருக்குத் தெரிந்தது, முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

பத்து மணிக்கு இறப்பு அறிவிப்பு. அதற்கு முன்னால் அவர் ஒரு வீட்டுக்குப் போன் செய்தார். இறந்தவரின் குடும்பப் பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று கேட்டு, வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்து, தாளில் குறித்துக்கொண்டார். பிறகு மைக்கைத் திறந்தார். பின்னறையில் டிரான்ஸ்மிட்டர் அலமாரியின் மேல் கை வைத்துப் பார்த்தேன், இளஞ்சூடாக இருந்தது. சில பாட்டுகள் பழையவை, விளம்பரங்கள் அவர்கள் வீட்டிலேயே பேசிப் பதிவு செய்தவை, ஒலித்தரம் சுமார்தான். அந்த ஊரில் எந்தக் கடைக்குப் போனாலும் அதுதான் பாடிக்கொண்டிருந்தது.

உங்கள் போனில் எல்லாப் பாட்டும் இருக்கிறது, சரி. அந்தப் பெயரை உச்சரிக்கக் கேட்டுக்கொண்ட மனிதர் அதில் எங்கே இருக்கிறார்?

மீண்டும் தேவகோட்டை வாசகி: அந்தப் பழைய நாஷ்வில் நிலையத்தை இங்கிருந்து கேட்க முடியுமா? மகனோடு பேசும்போது நானும் கேட்டேன் என்று சொல்ல ஆசை.

தாராளமாக முடியும். டபிள்யூ.எஸ்.எம். இணையத்திலும் ஒலிக்கிறது, போனிலேயே கேட்கலாம். சனிக்கிழமை ஓப்ரி அங்கே சாயங்காலம் ஏழு மணிக்கு. நமக்கு அது ஞாயிறு காலை ஐந்தரை. நவம்பர் தொடக்கத்தில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள், அதிலிருந்து மார்ச் வரை நமக்கு ஆறரை. டிகாக்ஷன் இறங்குகிற நேரத்துக்குச் சரியாக வரும். மகனையும் அங்கே ரேடியோவைப் போடச் சொல்லுங்கள். இணையத்தில் வருவது கொஞ்சம் தாமதமாக வரும் அம்மா. கைதட்டல் முதலில் அவருக்குக் கேட்கும், பிறகுதான் உங்களுக்கு.